ராகுகாலத்தில் விழுந்த வாளி

என் தங்கைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நியூசிலாந்தில், ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் என்னோடும் என் மனைவியோடும் இருந்தாள். மருத்துவமனை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும் வழியில் வீடியோக் கடைக்குள் நுழைந்து ஒரு கசெற் எடுத்து வருவாள். அநேகமாக அது பழைய பிரித்தானிய நகைச்சுவைப் படமாகவே இருக்கும். கழுத்துப்பட்டி கட்டிய மனிதர்கள் ஏணியிலிருந்து விழுவதும், விழுந்த இடத்திலேயே கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்புவதும், எழும்பியவுடன் மறுபடி விழுவதுமாக ஒன்றரை மணி நேரம் ஓடும்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். அந்த ஆண்டுகளின் குறிப்பேடுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இங்கே வரும் மணியும் நிமிடமும் அவற்றிலிருந்து எடுத்தவை.

அந்தப் படங்களை முதலில் நான் மதிக்கவில்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் கீறுவது என் வேலை. வீட்டிலும் ஏதாவது கோடு போட்டுக்கொண்டுதான் இருப்பேன். தங்கையின் சிரிப்பில் கோடு இழுபட்டுப் போகும்போது எரிச்சல் வரும். ஆனால் சில மாதங்களில் நானும் பென்சிலை வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். ஏன் என்று யோசித்து அப்போது எழுதி வைத்திருக்கிறேன். ஒரு காரணம், அவை துல்லியமான படங்கள். ஒருவன் ஏணியைத் தோளில் வைத்துத் திரும்பும்போது அதன் மறுமுனை அடுத்தவன் தலைக்கு ஒரு விரற்கடை மேலே போகும். இரண்டாம் முறையும் அப்படியே போகும். மூன்றாம் முறைதான் படும். அந்த ஒரு விரற்கடையை யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள். அளவு வேலை செய்கிறவனுக்கு அது புரியும். மற்றக் காரணம், அதில் யாருக்கும் காயம் வராது. இலங்கையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் ஊர்க்கடிதத்தை உடைக்கும்போது மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. விழுந்தவன் எழும்புவான் என்ற உத்தரவாதம் ஒன்றரை மணி நேரத்துக்காவது கிடைத்தது.

தங்கையின் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் சத்தமில்லாமல் தோள் குலுங்கும். பிறகு கூவல் போல ஒன்று நீளமாக வரும். அதன் முடிவில் மூச்சை உள்ளே இழுக்கும்போது மூக்கிலிருந்து ஒரு சத்தம். தெருமுனை டெயரிக் கடைவரை கேட்கும் என்று என் மனைவி சொல்வாள். அது மிகை. பக்கத்து வீட்டு வேலிவரை கேட்கும்.

அந்தச் சிரிப்பால் இரண்டு சம்பந்தங்கள் குழம்பிப்போயிருந்தன. முதலாவது வீட்டார் கடிதத்தில் எழுதினார்கள்: பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் அடக்கம் போதாது. இரண்டாவது வீட்டார் தொலைபேசியில் இன்னும் நேராகவே சொன்னார்கள். பெற்றோர் இல்லாத தங்கைக்கு அண்ணன்தான் எல்லாம் பார்க்க வேண்டும். ஒக்லாந்தில் அப்போது இருந்த எங்கள் ஆட்களின் வீடுகளை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். மூன்றாவதும் தவறினால் நாலாவது எங்கிருந்து வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தனியாக ஒரு குடும்பம் வேண்டும் என்ற ஆசை இருந்தது. என்னிடம் அல்ல, என் மனைவியிடம் அதைச் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது சம்பந்தம் துறைமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், கிளென்ஃபீல்டில் இருந்து வந்தது. மாப்பிள்ளை பொறியியலாளர். அவருடைய தகப்பன் இலங்கையில் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தாயார் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒன்றும் செய்யமாட்டார் என்று முன்கூட்டியே அறிந்திருந்தேன். ஒக்டோபர் கடைசி ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குப் பெண் பார்க்க வருவதாக முடிவாயிற்று. ஞாயிறு ராகுகாலம் நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிவரை. அதற்கு முன் எல்லாம் முடிந்துவிட வேண்டும். ஒரு தாளில் எழுதினேன்: மூன்று மணி வருகை, மூன்றேகால் பலகாரம், மூன்றரை தங்கை தேநீருடன் வருதல், நாலு மணி பேச்சு, நாலு இருபது முடிவு.

அந்தத் தாளில் ஒரு பிழை இருந்தது. நியூசிலாந்தில் கோடைக்காக மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள் அதே ஞாயிறு. எனக்கு அது தெரியும். சனிக்கிழமை மாலையே வீட்டிலிருந்த ஐந்து மணிக்கூடுகளையும் தள்ளி வைத்துவிட்டேன். கிளென்ஃபீல்டுக்கு அதை நினைவூட்ட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு நேரம் சொல்லிக்கொடுப்பதா?

ஞாயிறு காலையில் தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“இண்டைக்கு மட்டும் சிரிக்காதை. புன்னகை போதும்.”

“இண்டைக்குச் சிரிக்காட்டி அவைக்கு எப்ப தெரியவரும் அண்ணா? தாலி கட்டின பிறகோ?”

“ஓம். பிறகு தெரிஞ்சாப் பரவாயில்லை.”

“இது சாமான் விக்கிற கதையெல்லோ,” என்றாள். ஆனால் சேலையை எடுத்து வைத்தாள்.

மூன்று மணி ஆயிற்று. மூன்றேகால், மூன்றரை. பலகாரத்துக்குப் பொரித்த பற்றீஸ் ஆறியது. “ஒருக்கா ஃபோன் எடுத்துக் கேளுங்கோவன்,” என்றாள் மனைவி. பெண் வீட்டார் அழைத்து “ஏன் இன்னும் வரவில்லை” என்று கேட்பது முறையல்ல என்றேன். அது என் இரண்டாவது பிழை. மூன்று நாற்பதுக்குத் தங்கை வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வரமாட்டினம் அண்ணா. ஆரோ என்ர சிரிப்பைப் பற்றிச் சொல்லிப்போட்டினம்.”

சொல்லிவிட்டு அறைக்குள் போய்ச் சேலையைக் களைந்து பழைய சுவெற்றரோடு வந்தாள். கம்பளத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை எடுத்த கசெற்றைப் போட்டாள். அந்தப் படத்தை அவள் ஏற்கெனவே ஐந்து தடவை எடுத்திருக்கிறாள். ஓர் ஊர்ச் சபை மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்க இரண்டு பேர் வருகிறார்கள். ஏணி உச்சியில் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ட். கீழே கழுத்தில் தங்கச் சங்கிலி அணிந்த மேயர், வருகிற பிரமுகர் ஒருவருக்காக வரவேற்புரையைப் படித்துப் பழகிக்கொண்டு அந்த ஏணியையே சுற்றிச் சுற்றி நடக்கிறார். படம் முழுவதும் வேறு பலர் விழுகிறார்கள். வாளி மட்டும் விழுவதில்லை. முதலில் அழுகிறாளோ என்று நினைத்தேன். தோள்தான் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெளியே வந்தது.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வாசல் மணி அடித்தது. தங்கை அப்போது மூக்கால் மூச்சிழுக்கும் கட்டத்தில் இருந்தாள். பாய்ந்து அறைக்குள் ஓடினாள். நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் சாம்பல் நிறக் கோட்டில், நிமிர்ந்து நின்றார். பின்னால் அவர் மனைவி பழத்தட்டோடு. அவருக்கும் பின்னால் மகன், உயரமானவர், இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல்.

“அஞ்சு நிமிசம் பிந்திப்போச்சு, தம்பி. பாலத்தில சனம்,” என்றார் பெரியவர். பிறகு காதைச் சாய்த்தார். “உள்ளை ஆரோ நல்லாச் சிரிச்சுக் கேட்டுது.”

“அது படத்தில ஐயா,” என்றேன்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

“உங்கட மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முந்தி ஓடுது.”

“இல்லை ஐயா. இண்டைக்கு நேரம் மாத்தின நாள்.”

அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். “நான் அடுத்த கிழமை எண்டெல்லோ நினைச்சன்,” என்றார் மகன் மெதுவாக. பெரியவரின் முகம் சிவந்தது. அவர் கோபப்படவில்லை. வெட்கப்பட்டார். வாழ்நாள் முழுவதும் பச்சைக் கொடியும் விசிலுமாக நின்றவர், ஒரு மணி நேரம் பிந்திப் பெண் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் நூறு தடவை பரவாயில்லை என்றேன். மனைவி ஆறிய பற்றீஸைச் சுடவைக்க எடுத்துப்போனாள். இப்படியே மணி நாலு இருபத்தேழு ஆயிற்று.

“பிள்ளையைக் கூப்பிடுங்கோவன்,” என்றார் பெரியவர்.

“வேண்டாம்,” என்றார் தாயார். “மூண்டு நிமிசத்தில ராகுகாலம் தொடங்குது.”

“இஞ்சேர், அரசாங்கம் முள்ளைத்தான் தள்ளலாம். சூரியனைத் தள்ள ஏலாது. சூரியனுக்கு இப்ப மூண்டரை.”

“சூரியனே இந்த வீட்டுச் சுவரில தொங்குது? மணிக்கூடு நாலரை எண்டு காட்டேக்குள்ள நான் பிள்ளையின்ர முகத்தைப் பாக்கமாட்டன்.”

பெரியவர் சிறிது யோசித்தார். “சரி. உம்மட ராகுகாலம் ஆறு மணிக்கு முடியும். ஆனா என்ர ராகுகாலம் அஞ்சரைக்குத் தொடங்கி ஏழுக்குத்தான் முடியும். அதையும் நீர் பாக்கவேணும்.”

“பாப்பம். என்ன அவசரம்.”

இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். அதாவது நாலரையிலிருந்து ஏழு மணிவரை பெண்ணைப் பார்க்கக்கூடாது, சம்பந்தம் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது, புறப்பட்டுப் போகவும் கூடாது. என் தாளில் இதற்கு இடமில்லை. தங்கை இதற்குள் மறுபடி சேலை உடுத்துப் பின்வழியாகச் சமையலறைக்குப் போயிருந்தாள். அவளுக்கு இரண்டரை மணி நேரச் சிறை. எங்களுக்குக் கூடத்தில் சிறை. மழை பற்றிப் பேசினோம். மனுகாவ் பக்கத்துச் சந்தையில் காய்கறி நன்றாக இருக்கும் என்றார் தாயார். நாலு நாற்பத்தைந்துக்குப் பேச ஒன்றுமில்லை.

“நாங்கள் வரேக்குள்ள என்ன படம் ஓடினது?” என்று கேட்டார் மகன்.

நான் சொன்னேன். அவர் முகம் முதல் தடவையாக இளகியது. “அப்பா, உங்களுக்குப் பிடிக்கும். போடச் சொல்லுங்கோ.”

கசெற்றைத் தொடக்கத்துக்குச் சுற்றி ஓடவிட்டேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையில், சாப்பாட்டுத் தட்டுகளை நீட்டுவதற்கென்று ஒரு சிறு சன்னல் இருந்தது. அதன் இழுப்புக் கதவை மூடிவைத்திருந்தோம். மெல்லிய பலகை. அதை நான் யோசிக்கவில்லை.

ஏணிக்காரர் மண்டபத்துக்குள் நுழைந்தார். தொப்பிக்காரர் ஒருவருக்கு வழிவிட்டுத் திரும்பினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது சன்னலுக்குப் பின்னால் நீளமாக ஒரு கூவல் கேட்டது. மறுகணமே திரையில் ஏணியின் பின்முனை ஒரு தேநீர்த் தள்ளுவண்டியைச் சாய்த்தது. கோப்பைகள் சரிந்தன.

தங்கை படத்தைப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே அடுத்து என்ன என்று தெரிந்து, அது நடப்பதற்கு ஒரு விநாடி முன்னமே சிரித்துவிட்டாள்.

தாயார் சன்னலைப் பார்த்தார். பெரியவர் என்னைப் பார்த்தார்.

“தம்பி, படம் இப்ப குசினிக்கையும் ஓடுதோ?”

முந்திய இரண்டு வீட்டாரின் கடிதமும் தொலைபேசியும் எனக்கு நினைவுக்கு வந்தன. மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். வாயைப் பொத்தச் சொல்லத்தான் போனாள் என்று நினைக்கிறேன். இரண்டு நிமிடத்தில் அங்கிருந்து இரண்டு பேரின் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி திரையில் மேயரின் நாற்காலிக் கால் முறிந்தது.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையைத் தூக்கி எங்கள் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். திரையில் ஒரு பொலிஸ்காரர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை. சன்னலுக்குப் பின்னால் கூவல்.

“சிக்னல் விழுந்திட்டுது,” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். “இனி வண்டி வரும்.”

பொலிஸ்காரர் சவர்க்காரத் தண்ணீரில் கால் வைத்து, படிக்கட்டு முழுவதையும் உட்கார்ந்தபடியே இறங்கி, கீழே வந்து எழும்பி, யாருக்கோ வணக்கம் வைத்தார். பெரியவர் தொடையில் அடித்துச் சிரித்தார். மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதன் பிறகு நாங்கள் படம் பார்த்த முறையே மாறிவிட்டது. ஒரு காது சமையலறையில். குரல் கேட்டதும் பெரியவர் “சிக்னல்!” என்பார். எல்லோரும் திரையில் எது விழப்போகிறது என்று தேடுவோம். இந்தப் படங்கள் ஏன் பழசாவதில்லை என்று அன்று எனக்கு இன்னொரு காரணம் தெரிந்தது. திடுக்கிட வைத்து அவை சிரிக்க வைப்பதில்லை. வரப்போவது நமக்குத் தெரியும். திரையில் இருக்கும் கண்ணியவானுக்கு மட்டும் தெரியாது. அதனால் ஆறாம் தடவையும் சிரிப்புக் குறைவதில்லை. கூடுகிறது. தாயாருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. அவருக்கும் ஒரு சொல் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் திரையைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்ததுதான் அதிகம்.

பெரியவர் பொலிஸ்காரரை மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார். ஐந்து நாற்பதுக்கு மகன் எழுந்தார்.

“கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறன்.”

“எங்கை போறாய்? ராகுகாலம்,” என்றார் தாயார்.

“தண்ணிதானே அம்மா. பாக்கமாட்டன்.”

சமையலறையில் நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். அவர் கதவு நிலையில் நின்று, குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தபடி, “நான் உங்களைப் பாக்கேல்லை. கிளாஸ் எங்கை கிடக்கு?” என்று கேட்டாராம். “உங்களுக்கு வலப்பக்கம். நானும் பாக்கேல்லை,” என்றாளாம் தங்கை. “வாளி எப்ப விழும்?” “சொல்லமாட்டன்.” “ஒரு சின்னத் தகவல்.” “மேயர் மூண்டாம் தரம் கடதாசியைத் தவறவிடேக்குள்ள பாருங்கோ.”

தண்ணீர் குடிக்கப் போனவர் நாற்பது நிமிடமாகியும் வரவில்லை. இடையில் இழுப்புக் கதவு நாலு விரல் அளவு திறந்தது. உள்ளே இருந்து இரண்டு பேர் அந்த இடுக்கால் படம் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. தாயாருக்கும் தெரிந்திருக்கும். அவர் திரும்பவே இல்லை.

வாளி ஆறு இருபதுக்கு விழுந்தது. மேயர் மூன்றாம் தரம் கடதாசியைத் தவறவிட்டார், குனிந்தார், ஏணி அசைந்தது. உள்ளேயிருந்து தங்கையின் குரலும் மாப்பிள்ளையின் குரலும் ஒன்றாக வந்தன. “டபிள் சிக்னல்!” என்று பெரியவர் எழும்பியே விட்டார். வெள்ளைப் பெயின்ட் மேயரின் தலையிலிருந்து சங்கிலிவரை நிதானமாக இறங்கியது. அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு வரவேற்புரையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து படித்தார். என் நாட்குறிப்பில் அந்த இடத்தில் ‘நானும் சத்தமாகச் சிரித்தேன்’ என்று இருக்கிறது.

படம் முடிந்த பிறகும் பெரியவர் பொலிஸ்காரரை மறுபடி மறுபடி போடச் சொன்னார். ஏழு மணிக்கு மனைவி மேசையைத் துடைத்து, விளக்கைப் போட்டாள். எல்லோரும் மறுபடி நேராக உட்கார்ந்தோம். மாப்பிள்ளை ஒன்றும் அறியாதவர் போலக் கூடத்தில் இருந்தார். தங்கை தட்டோடு வந்தாள். தலை குனிந்து, கோப்பைகளை வைத்து, சுவரோரம் நின்றாள். நான் சொன்ன அளவில் புன்னகை.

தாயார் தலைப்பை இறக்கினார்.

“பிள்ளை, ஒண்டு கேக்கவேணும்.”

“சொல்லுங்கோ, அம்மா.”

“கடைசியில உந்த மேயர் மனிசனுக்கு என்ன நடந்தது? எனக்குக் கண்ணால தண்ணி ஓடித் துடைச்சுக்கொண்டிருந்ததில பாக்கேலாமப் போச்சு.”

தங்கை என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் சொல்லத் தொடங்கினாள். மேயர் வெள்ளையாகவே படிகளில் இறங்குகிறார், வந்த பிரமுகர் அவரைச் சிலை என்று நினைத்து மாலையை… அதற்குமேல் சொல்ல முடியவில்லை. தோள் குலுங்கியது. கூவல் வந்தது. மூக்குச் சத்தமும் வந்தது. தாயார் அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

“எங்கட வீடு சரியான மௌனம் பிள்ளை,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இவர் பேப்பர் படிப்பார். அவன் வேலைக்குப் போவான். எனக்கு வேலைக்காரி தேவையில்லை. சத்தந்தான் தேவை. உனக்கு இவனைப் பிடிச்சிருக்கோ?”

“தண்ணி குடிக்க வந்தவரையோ?” என்றாள் தங்கை. பிறகு, “ஓம்,” என்றாள்.

தையில் நாள் பார்ப்பதாகப் பேசி முடித்தோம். ஏழு இருபத்தைந்துக்குப் புறப்பட்டார்கள். வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கார் தெருமுனையில் திரும்பும்வரை மூன்று பேரும் நின்றோம். பிறகு உள்ளே வந்து, மிஞ்சிய பற்றீஸைச் சுடவைக்காமலே சாப்பிட்டோம். எனக்கு நல்ல பசி.

“வாற சனி படம் பாக்கக் கூட்டிக்கொண்டு போறாராம், அண்ணா. குயின் ஸ்ட்ரீட்டுக்கு,” என்றாள் தங்கை.

“நல்லது. எத்தனை மணிக் காட்சி? நானும் அண்ணியும் வந்து…”

“நீங்கள் வரவேண்டாம்,” என்றாள். மனைவி இன்னொரு பற்றீஸை எடுத்து என் தட்டில் வைத்தாள்.